டங்கன் துரையின் காலுக்கு ஊற்றிய தண்ணீர்

வாழவந்தி நாடு, கொல்லிமலை
தாது வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி செல்லமுத்துவுக்கு அப்பன் எழுதிக்கொள்வது. அறப்பளீசுவரர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் ஆத்தாளும் உன் தங்கை அத்தாயியும் மாடு கன்றும் சுகம், அங்கே உன் உடம்புக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். சுகம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதினேன், மனசு சுகமாக இல்லை. எப்போதும் நான் சொல்லச் சொல்லச் சின்னராசு வாத்தியார்தான் எழுதுவார், இந்த விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் சிலேட்டைப் பார்த்துப் பழகிய எழுத்தில் நானே எழுதுகிறேன், கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு எழுத்து விடாமல் படி. வழக்கமாகக் கண்ணு என்று ஆரம்பிப்பேன், இன்றைக்கு அந்தச் சொல் கையில் வரவில்லை.

எடின்பரோவில் நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளின் மகன் டங்கன் துரை இங்கே வந்துவிட்டுப் போனான். தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கப்பலில் வந்தவன், வேலையில் சேருவதற்கு முன்னால் உன் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று பாரஸ்டு கார்டு மாதேஸ்வரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே மலை ஏறிவிட்டான். நாங்கள் களத்தில் மாட்டை விட்டுச் சாமை மிதித்துக்கொண்டிருந்தோம். நான் இடுப்பில் கோவணமும் தலையில் துண்டுமாக, உடம்பெல்லாம் தூசியாக நின்றேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தன் ஏழு கடல் தாண்டி வந்திருக்கிறான் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வழக்கம் உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். வாசலுக்கு வந்தவன் காலுக்கு வீட்டுக்கு மூத்தவன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு ஆளை விட்டு ஊற்றச் சொன்னால் வந்தவனை அவமதித்ததாக ஆகும். நாட்டுக்குப் பட்டக்காரனான என் வீட்டில் அந்த வழக்கம் இன்னும் கண்டிப்பு. நான் தோண்டியை எடுத்துவந்து அவன் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, அட்டை கடித்து ரத்தம் ஒழுகிய காலை என் கையால் கழுவி, கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தேன். உன் ஆத்தாள் தேனும் தினைமாவும் கொண்டுவந்து வைத்தாள். அவன் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து என் கையில் வைத்து என் தோளைத் தட்டினான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு மாதேஸ்வரனிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டான், மாதேஸ்வரன் முகம் செத்துப்போய்விட்டது.

ராசா எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறான். செல்லமுத்துவின் தகப்பனார் கொல்லிமலைக்கு ராசா, அருவிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கல்லில் அரண்மனை, வாசலில் யானை, இதெல்லாம் நீ அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னதாம். யானையாம். நம் கொட்டகையில் நிற்கிற மொட்டைக்கொம்பு எருதுக்கு நீதான் சின்ன வயதில் பேர் வைத்தாய், அதைத் துரைக்குக் காட்டி யானை என்று சொல்லட்டுமா. பட்டக்காரன் என்றால் யார் என்று உனக்குத் தெரியாதா, பலா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து நாட்டு ஜனங்களின் வழக்கைக் கேட்கிறவன், மற்ற நாளில் எல்லாரையும் போல ஏர் பிடிக்கிறவன், விருந்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவன். அதைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம். இன்னொன்றும் கேட்டான். தன் தங்கை ஐலீனை வருகிற வெயில் காலத்தில் உனக்குக் கட்டிக் கொடுப்பதாகத் தன் தாய் வாக்குக் கொடுத்திருக்கிறாள், தகப்பன் இல்லாத பெண், அதனால் இடத்தை ஒரு பார்வை பார்த்து எழுது என்று தாய் சொல்லி அனுப்பினாளாம். அந்தப் பெண்ணின் போட்டோவை எடுத்து, இதை ராணியம்மாளிடம் கொடுக்க வேண்டும் என்றான். ராணியம்மாள் அப்போது அவனுக்குப் பக்கத்தில்தான் சாணிக் கையோடு களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மாதேஸ்வரன் என் பக்கம் திரும்பி, ஏனுங்க பட்டக்காரரே, நான் என்னன்னுங்க சொல்லட்டும் என்று கேட்டான். களத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. உன்னைப் படிக்க அனுப்பியபோது பட்டணம் வரைக்கும் வழிச்செலவுக்கு மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து மலை இறங்கியவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். என் மகன் பொய்யன் என்று அவர்கள் முன்னால் சொல்ல என் நாக்கு எழவில்லை. ராசா கீழ்நாட்டுக்குப் போயிருக்கிறார், வர நாள் ஆகும் என்று சொல்லப்பா என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னான். நீ யார் என்று துரை என்னைக் கேட்டான், இந்த வீட்டில் மாடு பார்க்கிற ஆள் என்றேன், அதையும் அவன் சொன்னான். உன் ஆத்தாள் காதில் அது விழுந்தது. விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனவள், துரை போன பிறகும் வெளியே வரவில்லை. நான் உள்ளே போனபோது, பெத்த புள்ளைய ஊரு முன்னால காட்டிக்குடுக்க மாட்டீங்க, சரீங்க, அந்தப் புள்ளையப் பெத்தவளுக்கு யாருங்க பதில் சொல்றது என்று கேட்டாள்.

துரை போகும்போது சந்தோஷமாகப் போனான். ராசா ஊரில் இல்லாவிட்டாலும் அவர் ஆட்களே இவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள், நான் பார்த்தவரை எல்லாம் சரி என்று வீட்டுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன நடந்துவிட்டது பார். நான் அவன் காலைக் கழுவியதும் வாயை மூடிக்கொண்டதும் உன் பொய்க்கு ஜாமீன் ஆகிவிட்டது. நீ காய்ச்சலில் கிடந்தபோது அந்த அம்மாள் கூடவே உட்கார்ந்து கஞ்சி கொடுத்தாள் என்று நீதானே எழுதினாய், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு உன் ஆத்தாள் அந்த அம்மாளுக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்தாளே. அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டேதான் யானைக் கதை சொன்னாயா. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டுகிறாய் என்று நான் சண்டைக்கு வரவில்லை, உன் மாமன் மகள் காத்திருக்கிறாளே என்று கேட்கவும் இல்லை, அது வேறு சண்டை, அதை நேரில் வைத்துக்கொள்வோம். நமக்கும் அத்தாயி இருக்கிறாள். நாளைக்கு ஒருத்தன் வந்து இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு போனால் நீ சும்மா இருப்பாயா. கப்பல் ஏறி வந்து இந்தக் குடிசையைப் பார்க்கிற அன்றைக்கு அந்தப் பெண் யாரிடம் போய் அழுவாள், அவளுக்கு இங்கே யாருடைய பாஷை தெரியும்.

திண்ணனூர் நாட்டுச் செங்கோடனை உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணனுடைய தோட்டத்தைத் தன்னுடையது என்று காட்டி தேவனூர் நாட்டில் பெண் பேசிவிட்டான், போன வருஷம் வழக்கு என்னிடம் வந்தது. அபராதம் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. நீயே அந்த வீட்டுக்குப் போ, பெண்ணைப் பெற்றவள் முகத்தைப் பார்த்து உன் வாயால் உண்மையைச் சொல், அதற்குப் பிறகும் அவர்கள் சரி என்றால் பெண் உனக்கு, இல்லை என்றால் திரும்பி வா என்று தீர்ப்புச் சொன்னேன். அவன் ஒரு எழுத்துப் படிக்காதவன், ஆனாலும் போனான், சொன்னான், வெறுங்கையோடு திரும்பி வந்தான், இப்போதும் என் எதிரில் தலை நிமிர்ந்துதான் நடக்கிறான். உனக்கும் அதே தீர்ப்புத்தான், பட்டக்காரன் மகனுக்கு வேறு சட்டம் கிடையாது. டங்கன் துரை எழுதுகிற கடிதம் போய்ச் சேருமுன் நீ சொல்லியிருந்தால் நல்லது, சேர்ந்த பிறகு என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தபாலில் எழுதிப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளாதே, ஒரே வீட்டில்தானே இருக்கிறாய், அந்த மேசையிலேயே உட்கார்ந்து சொல். போன அமாவாசைக்கு நாட்டுக் கூட்டம் கூடியது, நான் கல்லில் உட்காரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றேன், அது உனக்காக நான் சொன்ன அடுத்த பொய். செங்கோடனும் கூட்டத்தில் இருந்தான், அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீ அங்கே உண்மையைச் சொன்னேன் என்று எழுதுகிற வரைக்கும் நான் அந்தக் கல்லில் உட்காரப் போவதில்லை.

கோபத்தில் மற்ற விஷயத்தை விட்டுவிட்டேன். மழை குறைவு, சாமை பரவாயில்லை, மிளகு சுமார். கீழ்வளவுக் குடிசைகளில் காய்ச்சல் மறுபடியும் வந்துவிட்டது, செல்லாயி வீட்டுக் கைக்குழந்தை போய்விட்டது. நீ அங்கே படிக்கிறது அந்தக் காய்ச்சலுக்கு வைத்தியம், அதற்குத்தான் இந்த நாடு உன்னை அனுப்பியது, அதைப் பாதியில் விட்டாயானால் நான் மன்னிக்க மாட்டேன். குளிரில் வெறும் காலோடு தரையில் நடக்காதே, ஆத்தாள் கொடுத்த கம்பளியைக் கூச்சப்படாமல் போர்த்திக்கொள். துரை கொடுத்த ரூபாய் உறியில் சட்டிக்குள் கிடக்கிறது, நான் தொடமாட்டேன், நீ வந்து எடுத்துக்கொள், உன் அப்பனுக்கு நீ வாங்கிக் கொடுத்த முதல் கூலி அது. ஐலீனின் போட்டோவை ஆத்தாள் விதைக் கூடைக்கு மேலே வைத்திருக்கிறாள், பாவமுங்க, கண்ணுல கள்ளமே இல்லீங்க என்று தினமும் ஒரு தடவை சொல்கிறாள்.

உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பெண் உன்னோடு வரச் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு வா, ஊர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் காலுக்கும் நானேதான் தண்ணீர் ஊற்றுவேன், அதுதான் வழக்கம். அப்போது நான் யார் என்று அவளுக்கு நீ சொல்ல வேண்டும் கண்ணு. பெரியண்ணன் சாமி உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும், ஆயுசும் படிப்பும் பெருகட்டும். பதில் போட மறக்காதே, வாத்தியாருக்குப் போடாதே, எனக்குப் போடு. எப்போதும் பட்டக்காரன் என்று கையெழுத்துப் போடுவேன், இப்போது அதற்கு எனக்கு உரிமை இல்லை, அப்பன் என்று போடலாமா என்று நீ எழுதினால்தான் தெரியும்.

இப்படிக்கு,
உன் வீட்டில் மாடு பார்க்கிற ஆள்
அப்பாசாமி