வெறுந்தாளில் வைத்த கைநாட்டு

மச்சான்,

நேற்று தோட்டத்து ஆபீசில் என் பெருவிரலில் மை தடவினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம் வந்துவிட்டது. தாளை இரண்டு பேர் வாசித்துக் காட்டிய பிறகுதான் விரலை வைப்பேன் என்றேன். உன் நாற்காலியில் இப்போது இருக்கும் கிளாக்கர், "என்னாங்க பெரியவரே, ஒங்க பங்களாவயா எழுதி வாங்கப் போறோம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

நாம் ஒரே லயத்தில், அடுத்தடுத்த அறையில் பிறந்தவர்கள். நீ படித்து ஆபீசுக்குப் போனாய். நான் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுகிறவன் ஆனேன். எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை தடவினால் தோட்டத்தின் பெயர் விழும். எத்தனை ஆயிரம் பெட்டியில் போட்டிருப்பேனோ, ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. தகடு தேய்ந்து எழுத்தெல்லாம் மை கசிந்தபோது என் மகள்தான் அட்டையில் புதிதாக வரைந்து வெட்டித் தந்தாள். தொரை அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நீ அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஆத்தாடி, இவ கையி அச்சு மிஷினுடா" என்றாய். சொன்னது உன் வாய்தான், மச்சான்.

அவள் ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனைக்குப் படித்த வருஷம், எந்தெந்தப் பாடம் என்று தகப்பன் நிரப்பிக் கொடுக்க வேண்டிய தாள் ஒன்று வந்தது. இங்கிலீஷ் தாள். "சித்திரம்னு மறக்காம போடச் சொல்லுங்கப்பா" என்று படியிறங்கும் வரை சொல்லி அனுப்பினாள். உன்னிடம் கொண்டு வந்தேன். உனக்குத் தலைக்கு மேல் வேலை. "சித்திரந்தானே, தெரியும். கைய வச்சிட்டுப் போ மச்சான். நாளைக்கு டவுனுக்குப் போறேன், நெரப்பி நானே பள்ளிக்கூடத்துல குடுத்துர்றேன்" என்றாய். வெறுந்தாளில் வைத்தேன்.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில் அனுமதிச் சீட்டு வந்தது. அதில் சித்திரம் இல்லை. அவள் ஒரு நாளும் படிக்காத சுகாதாரம் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், "தகப்பன்ர கைநாட்டு இருக்குப் பிள்ளை, இனி மாத்தேலாது" என்று சொல்லிவிட்டாராம். ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

உன்னிடம் ஓடிவந்தேன். "படம் போட்டா சோறு வருமா? சுகாதாரம் பாஸ் பண்ணா தோட்டத்து ஆஸ்பத்திரியில வேல. நல்லதத்தானே செஞ்சேன்?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன் பிரஜாவுரிமை மனுவும் ஏங்கிட்டதான் இருக்கு. கோவத்துல எதையாச்சும் பேசிராத" என்றாய். மிரட்டினாயா, புத்தி சொன்னாயா? இத்தனை வருஷம் புரட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. இந்த நாட்டுப் பிரஜை என்று காட்ட ஒரு தாளும் இல்லாத எனக்கு அந்த மனுதான் எல்லாம்; வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போய், "நான்தான் மாத்தச் சொன்னேன்" என்று அவளிடம் சொன்னேன்.

அந்தப் பாடத்தில் தவறினாள். முடிவு வந்த மாதமே பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். பென்சிலை மறுபடி தொடவில்லை. என்னோடும் தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. எந்த மனுவுக்காக வாயை மூடினேனோ, அதுவும் தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. போன தையில் உன் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல இந்த மடலை எழுதுகிறவள் அவள்தான். மேலே உள்ளதெல்லாம் இன்றைக்குத்தான் அவள் காதில் விழுகிறது. "வீட்டுக்குப் போய்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "அவரு மாத்தி எழுதுனாரு, சரி. நீங்க ஏம்ப்பா பொய் சொன்னீங்க?" என்றாள்.

அதை எழுதாதே என்றேன். பேனா ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நேற்று இரண்டு பேரை வாசிக்க வைத்தவன் நான். இந்தத் தாளை வாசித்துக் காட்டு என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கீழே விரலை வைக்கிறேன்.