அக்கா சேர்த்த பாயிண்டில் எட்டுப் பேர்

எங்கே இருந்தாலும் மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கப்போகிற என் ராஜி அக்காவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காதே, விஷயத்துக்கு வா" என்பாய். நாங்கள் கப்பலில் போகிறோம். உன் விடுமுறை கிளப் பாயிண்டுகளை வைத்துத்தான். வரும் ஐப்பசியில் மும்பையிலிருந்து கிளம்பி நான்கு இரவு கடலில். நேற்று மாலை பதிவு உறுதியாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாத நாலு பேரும் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பாவைப் போலவே நீயும் ரயில்வே ஆபீஸில் காலம் தள்ளினாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மல்காஜ்கிரி வீட்டில் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாய், அதன் பிறகு தனியாக இருந்தாய். நானும் தம்பி முரளியும் உனக்குப் பின்னால் பிறந்தவர்கள், கடைசிவரை உன் பின்னாலேயே நின்றவர்கள்.

கிளப்பில் நீ சேர்ந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏதோ மாலில் குலுக்கல் சீட்டு எழுதிப் போட்டாய். பரிசு விழுந்திருக்கிறது, கணவரோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஃபோன் வந்தது. கணவருக்கு எங்கே போவாய்? முரளியை இழுத்துக்கொண்டு போனாய். விற்பனைக்காரர் இரண்டு மணி நேரம் சார், மேடம் என்று உங்கள் கல்யாண நாளுக்கு எந்த ஊர் போகலாம் என்று படம் காட்டியிருக்கிறார். முரளி காது சிவந்து உட்கார்ந்திருக்க, நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் "இவன் என் தம்பி" என்றாயாம். பரிசாக வந்தது ஆறு கண்ணாடி டம்ளர்.

அதன் பிறகு நீ பணம் கட்டிச் சேர்த்த பாயிண்டில், ரிசார்ட்டில் தங்க முரளி குடும்பம் ஒரு தடவை போனது. நான் என் வீட்டு மனுஷர்களோடு ஒரு தடவை போனேன். எல்லாருமாக ஒரே ஒரு தடவை அரக்கு மலைக்குப் போனோம். "நீ எப்போ போகப்போறே" என்று கேட்டால், "கப்பலுக்குச் சேர்க்கிறேன், எல்லாரும் சேர்ந்து போலாம்" என்பாய். கப்பலுக்கு இரண்டு மடங்கு பாயிண்டு வேண்டும். நம் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது, இவளுக்கு ஏன் கப்பல் ஆசை என்று நாங்கள் உன்னைக் கேலி செய்தோம். வருஷா வருஷம் யாருக்காவது பரீட்சை, யாருக்காவது லீவு இல்லை. தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. நீ போன புரட்டாசியில் போய்விட்டாய்.

உன் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. மாசி மாதம் அதில் ஒரு மெசேஜ். 'அன்புள்ள ராஜேஸ்வரி, உங்கள் பாயிண்டுகள் மார்ச் கடைசியோடு காலாவதியாகின்றன.' ஆள் போன பிறகும் அன்புள்ள ராஜேஸ்வரி. லோத்குண்டா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அதை மூன்று தடவை படித்தேன். நீ வாங்கிச் சேர்த்த ஒன்று யாருக்கும் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து போலாம் என்றாய் அல்லவா, எல்லாரையும் சேர்த்து ஏற்றியே தீருவது என்று பஸ் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முரளிக்கு ஃபோன் செய்தேன். நீ கிளப்பில் வாரிசாக என் பெயரைத்தான் கொடுத்திருந்தாய். ஆனாலும் கூடப்பிறந்தவன் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பாயிண்டுகள் என் பேருக்கு மாறும்.

"கொள்ளி வச்சவன் நான். வருஷம் திரும்பலை. இப்போ போய் கப்பல் ஏறவா?" என்றான். "மலை ஏறக்கூடாது, கடல் தாண்டக்கூடாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்கார். நக்கோக்கா, வேண்டாம். ஜனங்க என்ன பேசும்?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. மாசாமாசம் லீவு போட்டு உனக்குச் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்கிறான். நான்கூட அவனிடம் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவனை விட்டுவிட்டுப் போவதற்கு நான் கப்பலைத் தேடவில்லையே.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு கச்சிபௌலியில் இருக்கும் கிளப் ஆபீசுக்குப் போனேன். டிராஃபிக்கில் போய்ச்சேரவே அரை நாள் முடிந்துவிட்டது. கவுண்டரில் ஒரு தெலுங்குப் பெண். மரணச் சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து நின்று தண்ணீர் கொடுத்தாள். வருஷத் திதி, முரளி, வாத்தியார் எல்லாவற்றையும் என் தெலுங்கில் கொட்டினேன். முழுதும் கேட்டாள். "ஆன்ட்டி, மார்ச்சிலேயே பயணம் போகணும்னு இல்லை. மார்ச்சுக்குள்ளே புக் பண்ணினா போதும். உங்க தம்பிக்கு வருஷம் முடிஞ்ச பிறகு வர்ற கப்பல்லே போடறேன்" என்றாள். இவ்வளவுதான் விஷயம். பத்து நாளாக நான் தூங்கவில்லை, அக்கா.

நான்கு பேர் படுக்கிற அறை இரண்டுக்கு உன் பாயிண்டுகள் சரியாக இருந்தன. முரளி வீட்டில் நாலு பேர், என் வீட்டில் மூன்று பேர். எட்டாவது இடம் யாருக்கு என்று கேட்டாள். சும்மா இருக்கட்டும் என்றேன். கிளம்பும்போது, உன் கணக்கில் இதுவரை எந்தெந்தப் பயணம் போயிருக்கிறது என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

மெட்ரோவில் உட்கார்ந்து பார்த்தேன். முரளியின் பயணம், என் பயணம், அரக்கு. கீழே இன்னொன்று இருந்தது. கடலோர ஊர், இரண்டு இரவு, இரண்டு பெண்கள். ராஜேஸ்வரி, நூர்ஜஹான்.

நூர்ஜஹான் அக்கா ரயில்வே ஆபீஸில் உன்னோடு ஒரே மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்தவர். உன்னிடமே தமிழ் கற்றுக்கொண்டு, உன் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வீடு பார்த்தவர். உன் காரியத்தன்று வாசலோரம் உட்கார்ந்திருந்தார், நாங்கள் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நேராக அவர் வீட்டுக்குப் போய்த் தாளை நீட்டினேன்.

"ஹவ், ஆமாம், நான்தான்" என்றார். "முதல்ல டீ குடி. அப்புறம் சண்டை போடு."

"ஆபீஸ் ட்ரெய்னிங்னு சொல்லிட்டுப் போனாளே."

"ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருக்கறவளுக்கு என்ன ட்ரெய்னிங்? நீங்க எல்லாரும் நம்பிட்டீங்க."

"அங்கே போய் என்னதான் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. தூங்கினா. காலைல பத்து மணி வரைக்கும் தூங்கினா. காபி ரூமுக்கே வந்துச்சு. குடிச்சிட்டு மறுபடி படுத்துக்கிட்டா. சாயங்காலம் கடல்ல கால் வெச்சிட்டு நின்னா. அவ்வளவுதான்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்களும் வருவீங்க. நீங்க வந்தா அவளுக்கு அங்கயும் வேலை. அரக்குக்கு குக்கர் தூக்கிட்டுப் போனது யாரு, சொல்லு? கப்பல் கப்பல்னு ஏன் சொன்னா தெரியுமா? கப்பல்ல நம்ம ரூம்ல அடுப்பு கிடையாது. எல்லாரும் கூட இருக்கணும், ஆனா நான் சமைக்கக்கூடாது, அப்படி ஒரு இடம் கப்பல்தான் நூரம்மானு சொன்னா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கைக்கு அழறே? எதுக்கு அழறே?" என்றார். "நான் திட்டலை. நீ கேட்டே, சொன்னேன்."

வெட்கமாக இருந்தது அக்கா. அரக்கில் அந்த அறைக்குள் சின்ன சமையல் மேடை இருந்ததைப் பார்த்து நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். வெளிச் சாப்பாடு ஒத்துக்காது, ராஜி கையால் ஒரு ரசம் போதும் என்றோம். நாங்கள் குகை பார்க்கப் போனபோது நீ சாதம் வைத்தாய். நீ எங்களுக்காகக் காத்திருக்கிறாய் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே. உன் மேல் கோபமும் வந்தது. வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போமா?

அங்கேயே உட்கார்ந்து, எட்டாவது இடம் உங்களுக்கு, நீங்கள் வரவேண்டும் என்று கேட்டேன்.

"நக்கோ, நக்கோ. குடும்பமா போறீங்க, நடுவுல நான் எதுக்கு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது டீயும் குடித்தேன். கடைசியில், "உங்க தம்பி சரின்னு சொல்லட்டும். முகத்தைத் தூக்கி வெச்சுக்கற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முரளியின் இருபத்திரண்டாவது மாடிக்குப் போனேன். வருஷம் திரும்பிய பிறகுதான் கப்பல் என்றதும் அவன் முகம் தெளிந்தது. பேனாவை எடுத்தான். நூர்ஜஹான் அக்கா பேரைச் சொன்னேன். பேனாவை மேஜைமேல் வைத்தான்.

"ஃபேமிலி ட்ரிப்ல அவங்க எதுக்குக்கா?"

"பெரியக்கா பாயிண்ட்ல பெரியக்காவோட நிம்மதியா போய் வந்தது அவங்க ஒருத்தர்தான். அவங்க வரலைன்னா நானும் வரலை. நீ கையெழுத்தே போட வேண்டாம். பாயிண்ட் போனா போகட்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். பிறகு தாளைக் காட்டினேன். பத்து மணித் தூக்கத்தைச் சொன்னேன். அடுப்பு இல்லாத இடம் கப்பல்தான் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவன் மனைவி பத்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உன் தம்பி ஜன்னலுக்கு வெளியே கீழே ஓடுகிற கார்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அரக்குல நான் பெரியக்காவை நாலு தடவை டீ கேட்டேன்" என்றான். "நாலாவது தடவை சக்கரை கம்மின்னு திருப்பிக் குடுத்தேன்."

பேனாவை மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டான். கப்பலுக்கான வரியைப் பாயிண்டில் கட்ட முடியாது, அதை நானே கட்டுகிறேன் என்றான். அவன் மகள் மட்டும் உள்ளேயிருந்து "நூர் ஆன்ட்டி வஸ்தாரா? சூப்பர்" என்று தெலுங்கில் கத்தினாள்; அவர் வருகிறாரா என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். நூர்ஜஹான் அக்காவிடம் முரளியே ஃபோனில் பேசினான். பேசும்போது எழுந்து நின்றுகொண்டு பேசினான்.

ஆக, எட்டுப் பேர். புரட்டாசியில் உன் வருஷத் திதியை முரளி முறையாகச் செய்வான். அதற்கு அடுத்த மாதம் கப்பல். நூர்ஜஹான் அக்காவும் நானும் ஜன்னல் இருக்கிற அறையில்.

இன்று காலை பத்மா ஃபோன் செய்தாள். கப்பல் சாப்பாடு எப்படி இருக்குமோ, அண்ணி கையால் கொஞ்சம் தக்காளித் தொக்கும் பருப்புப்பொடியும் செய்து எடுத்து வந்தால் நன்றாயிருக்கும் என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அவ்வளவு கேட்ட பிறகும் கேட்டாள் பார். நீ போனதிலிருந்து உன் ஃபோனுக்கு வந்ததெல்லாம் என் ஃபோனுக்குத்தான் வருகிறது. யாருக்கோ ஜுரம், யாருக்கோ பரீட்சை, பெரியவர்கள் யாராவது கூட இருந்தால் தேவலை. முரளி என்னைச் சின்னக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான். அக்கா என்கிறான். அவனுக்கே தெரியாமல் நடந்த மாற்றம் அது. உன் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள், நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பத்மாவிடம் முடியாது என்றேன். என் பெட்டியில் துணியும் மாத்திரையும் மட்டும்தான் என்றேன். "சரி அண்ணி" என்றாள். முடியாது என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நீ ஏன் கடைசிவரை சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கப்பலில் காலை பத்து மணி வரை தூங்குவேன். யார் கதவைத் தட்டி எது கேட்டாலும் திறக்க மாட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் முடியாது என்பதை முடியாது என்றே சொல்வேன். உனக்கு நாங்கள் செய்ததை எனக்கு இவர்கள் செய்ய நான் விடமாட்டேன், அக்கா.

உன் தங்கை,
முரளிக்கு இன்னமும் சின்னக்காவான
சுபா