அப்பா அடைத்த ஜன்னல்கள்

அன்பும் கொஞ்சம் கோபமுமாக என்னவருக்கு எழுதுவது,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. சின்னவளுக்கு இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக இழுப்பு. நேற்றும் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துத்தான் கூட்டி வந்தேன். மாஸ்க் போட்டும் வாய் ஓயவில்லை, உங்கள் மகளாயிற்றே.

போன தடவை லீவில் வந்தபோது, நானும் சின்னவளும் இருக்கும் எங்கள் மூன்றாம் வகுப்புக்கு ஏசி மாட்டிக் கொடுத்து, குளிர் வெளியே போகாமலிருக்க நாலு ஜன்னலையும் பசை வைத்து அடைத்தீர்களே, அன்றைக்குப் பள்ளிக்கூடமே உங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நானும்தான். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவேயில்லை. மூன்றாம் பீரியடில் தூங்கி விழுந்தவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டி நிற்க வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் கையில் மீட்டரோடு வந்து காற்றை அளந்து பார்த்தார். டீச்சர், முதல்ல கதவைத் திறங்க என்றார். ஜன்னல்களைப் பிரிக்கலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். நல்லா இருக்கிறதை ஏம்மா நோண்டுறீங்க, பிள்ளைங்க வெயில்ல வேகட்டுமா என்று வாயை அடைத்துவிட்டார். அதுவும் பொய்யில்லை. ஏசியை நிறுத்தினால் அந்தத் தகரக் கூரையின் கீழ் அரை மணி நேரம் உட்கார முடியாது.

சரி, மணிக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் கதவையாவது திறந்து வைப்போம் என்று ஆரம்பித்தேன். நான் போர்டு பக்கம் திரும்பியதும் யாரோ சாத்திவிடுகிறார்கள். யாரென்று பார்த்தால் நம் வீட்டுக் கழுதை, சின்னவள்தான். தன் துண்டை மடித்துக் கதவடியில் வேறு திணிக்கிறாள். அதட்டினேன், கெஞ்சினேன், ஒரு நாள் கையையும் ஓங்கிவிட்டேன். இது அப்பா ஏசிம்மா, திறந்து போட்டா கெட்டுப்போயிடும், அப்பா வந்து பார்த்தா என்ன நினைப்பாரு என்று மூச்சு வாங்க வாங்க அழுகிறாள்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அடைத்ததில் எனக்கும் பங்குண்டு. ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் பேருக்குத் தனியாக நாலு வரி எழுதுங்கள். போனில் சொன்னால் அம்மா சொல்லிக் கொடுத்தது என்பாள், உங்கள் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவாள். கதவைத் திறந்தால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி