கல்யாண வீடியோவை வைக்கவா, அழிக்கவா

அன்பு மகள் கோகிலாவுக்கு,

நயினார்கோவிலிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அய்யாவும் சுகம். புனேயில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகம் முழுசாகும். மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, நெல் பச்சென்று நிற்கிறது, அய்யாவின் முழங்கால் வலியும் மழையோடு சேர்ந்து வந்துவிட்டது, தைலம் தேயுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்.

ஊர்க்காரர்களுக்கு நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் பயிர்க் காப்பீடு பதிந்து கொடுக்கிற நேரம், வாசலில் எந்நேரமும் ஆள் நிற்கிறது. நீ காலேஜ் படிக்கும்போது வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரோ படுத்துகிற பாடு சொல்லி மாளாது, ஒரு பக்கம் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு வேல்சாமி மாமா டீ குடித்துவிட்டே வந்துவிடுகிறார். மெமரி நிறைந்துவிட்டது என்று அதுவே எழுதிக் காட்டியது. பரமக்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற நாகஜோதியை வரச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு, உங்க மக கல்யாண வீடியோதான் அத்தை ஏகப்பட்ட எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு என்றாள். கோர்ட்டில் உனக்கும் அவனுக்கும் தீர்ந்த பிறகு நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. அய்யாவுக்கு வந்ததே கோபம், அவன் மூஞ்சி எதுக்கு என் வீட்டுக்குள்ள என்று மவுசைப் பிடுங்கி அவரே அழித்துவிட்டார். அப்படியும் இடம் காலியாகவில்லை. அழிச்சது இன்னும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்க குப்பைத் தொட்டிலதான் கெடக்கு, அதையும் காலி பண்ணிட்டா பெறகு எடுக்க ஏலாது, பண்ணிரவா என்று நாகஜோதி கேட்டாள். அத்தனை நேரம் குதித்த மனுஷன் மவுசைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் மெதுவாக, ஆத்தா, எம் மக மாலையோட சிரிச்சுக்கிட்டு வருவால்ல, அத மட்டும் எடுத்து வைக்க ஏலுமா என்றார்.

ஏலும் என்றுதான் நாகஜோதி சொன்னாள், நான்தான் தடுத்தேன். பட்டவள் நீ. நீ மறக்க நினைக்கிறதை எங்கள் ஆசைக்காக நாங்கள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நியாயமா? அது தொட்டியிலேயே கிடக்கட்டும் என்று சொல்லி, அய்யா சேர்த்து வைத்திருந்த பழைய சினிமாவையெல்லாம் அழித்து இப்போதைக்கு வேலையை ஓட்டுகிறேன், அதற்கு அவர் ஒரு வார்த்தை முனகவில்லை பார். போனில் கேட்டால் உங்க இஷ்டம்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் அன்றைக்கே அழித்துவிடுகிறேன். வை என்றால் வைக்கிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன். அவனை விட்டு வந்ததற்கு நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எங்களுக்கும்தான்.

மிளகாய்த்தூள் பார்சலில் வருகிறது, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நம் ஊர்ச் சாமி நாகநாதர் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார், தைரியமாக இரு. ஊர் வாய்க்குப் பயந்து இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் வராமல் இருக்கிறாய். பேசுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், பொங்கலுக்கு வந்துவிடு. உன் முகத்தை நேரில் பார்த்துவிட்டால் அய்யா அந்த வீடியோவைக் கேட்கவே மாட்டார்.

உன் அம்மா,
சேதுலட்சுமி