ஏரிக்கரை எலும்பின் வயது

மார்ச் 4, செவ்வாய்

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஆய்வகத்துக்கு ஒரு தொடை எலும்புத் துண்டைக் கொண்டுவந்தார். ஏரிக்கரையில் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்ததாம். "முப்பது நாப்பது வருஷமா, இல்ல ரொம்பப் பழசா? அது தெரிஞ்சா போதும் மேடம்."

இடத்தைப் பதிவேட்டில் எழுதும்போது கை நின்றுவிட்டது. எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரி.

மார்ச் 5

அண்ணன் போய் முப்பத்தெட்டு வருடம். பரீட்சையில் தோற்றதற்கு அப்பா கை நீட்டிவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் ஏரிப் பக்கம் நடந்தான். ஜன்னலில் நின்று பார்த்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு.

அப்பா போலீசுக்குப் போகவே இல்லை. "ரோஷம் தீந்தா அவனே வருவான்." அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தே போய்ச் சேர்ந்தாள்.

மார்ச் 6

இயக்குநரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அப்ப இத நீங்க தொட வேணாம்மா. வேற ஆள் செய்யட்டும்."

சரிதான். ஆய்வகக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத் தடையில்லையே.

மார்ச் 12

அமிலத்தில் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, எலும்பின் புரதம் மட்டும் ஜவ்வு போல மிதக்கிறது. இனி அதை எரித்து, கரியாக்கி, அளக்க வேண்டும். அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடிப்போனது. அதன்பின் பிறந்து வளர்ந்தவர்கள் எலும்பில் அந்தக் கூடுதல் தெரியும். அண்ணன் பிறந்தது அதற்கப்புறம்தான்.

என்னை 'மூக்கொழுகி' என்று கூப்பிடாவிட்டால் அவனுக்குப் பொழுதே போகாது. சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, கரைமேட்டில் இரண்டு கையையும் விட்டு ஓட்டுவான்.

"பயமா இருக்கா?"

"இல்ல."

"அப்ப என் சட்டைய விடு."

விடமாட்டேன்.

மார்ச் 19

என்னவென்று வேண்டிக்கொள்வது? அவன்தான் என்றால் ஒரு முடிவு தெரியும். இல்லையென்றால் — தெரியல. எனக்கே தெரியல.

ஏப்ரல் 2

கூடுதல் துளியும் இல்லை. எலும்புக்குக் கிட்டத்தட்ட நானூறு வயது. யாரோ, எவரோ.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் இல்லை என்ற நிம்மதியா, அவன் இல்லையே என்ற ஏமாற்றமா?

இத்தனை நாள் மறைத்ததை மாலையில் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவன நாம இன்னும் தேடவே ஆரம்பிக்கலியேம்மா" என்றார்.

ஏப்ரல் 3

அப்பாவைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எண்பத்தாறு வயது. என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"காணாமப் போனவர் வயசு?"

"பத்தொம்பது" என்றார் அப்பா.

நான் திருத்தவில்லை.