பெயர் மாற்றிய கம்ப்யூட்டர்

துர்கா பூஜை நவமி, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

கேபிள்காரர் எங்கள் கட்டடத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே ஒயரில் இணைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் அந்தப் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றைக் கிளிக் செய்தால் அந்த வீட்டில் பூட்டாத ஃபோல்டரும் திறக்கும்.

அப்படித்தான் மாடி வீட்டு புபாய்தா (இந்த ஊரில் 'தா' என்றால் அண்ணன்), நான் பழகுவதற்காகப் பாடிப் பதிவு செய்த வங்காளப் பாட்டை எடுத்திருக்கிறான். இன்று பூஜைப் பந்தல் மைக்கில் அதைப் போட்டு, "மெட்ராஸ் குயில் கூவுது, கேளுங்க!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

விடுவேனா? அவன் எங்கள் கட்டடத்துப் பெண் மௌவின் பின்னால் சுற்றுவது எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். என் கம்ப்யூட்டருக்கு 'புபாய் லவ்ஸ் மௌ' என்று பெயர் மாற்றினேன். மறுபடி ஆன் செய்ததும் அது வீடு வீடாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. சொல்லட்டும். நாளை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போதுதான் திரையைப் பார்த்தேன். எல்லோர் பெயரும் இருக்கிறது. என் 'ரமா' மட்டும் இல்லை. யார் வேலை என்று யாருக்குத்தான் தெரியாது? உடனே பழைய பெயரையே…

அப்பா கதவைத் தட்டுகிறார். "ரமா, தூங்கிட்டியா? மௌவோட அப்பா வந்திருக்கார். உன் கம்ப்யூட்டர் பேர் என்னன்னு கேக்கறார்."