மாதகல் கரையில் எடுத்த பல்

இன்று காலை, மத்தியானச் சோற்றுக்கு வறை வறுக்கவென்று குருநகர் மீன்காரப் பெண்ணிடம் சின்னச் சுறா ஒன்று வாங்கினேன். தலையை வெட்டும்போது அதன் பல் விரலைக் கீறிவிட்டது. இரத்தத்தைக் கழுவுவதற்கு முன்னரே பல்லின் வேரைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக, இலேசாக இருந்தது. பழக்கம் போகவில்லை, பார். நீ இறந்துவிட்டாய் என்று போன கிழமை பழைய சிநேகிதி ஒருத்தி வந்து சொன்னபோது வராத அழுகை, கிணற்றடியில் அந்தப் பல்லோடு நின்றபோது வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் நினைக்கிறேன்.

நாம் இருவரும் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகவே ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மாதகலுக்குப் போவோம். கடல் சுண்ணாம்புப் பாறையை அரித்துக் கொட்டிய கற்களுக்குள், கல்லாகிப்போன சுறாப் பற்களைத் தேடுவோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து திரியும் எங்களைப் பார்த்து, வலை காயப்போடுகிறவர்கள் சிரிப்பார்கள். சீமையிலிருந்து வரவழைத்த ஒரு புத்தகத்தை வைத்து இருவருமாகவே கற்றுக்கொண்டோம். ஊசிபோல் ஒடுங்கியது ஒரு சாதி. விளிம்பு அரம்போலச் சொரசொரத்தது இன்னொரு சாதி. கறுத்து, கனத்து, வேர் கல்லாக இறுகியிருந்தால் பழையது. சந்தேகம் வந்தால் உன்னிடம் நீட்டுவேன். என் கண்ணைவிட உன் கண்ணை நம்பினேன்.

ஒரு மாரி முடிந்த கையோடு நான் அந்தப் பல்லை எடுத்தேன். பெருவிரலைவிடப் பெரியது. கொண்டை ஊசியால் மண்ணைக் கிளறியபோது வேரில் ஒரு மூலை உடைந்தது. நீ அதை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தாய்.

“உது பழசில்லையடி. இப்பத்தைச் சுறாவின்ரை பல்லுத்தான். சேத்துக்குள்ளை கிடந்து கறுத்துப் போச்சு.”

“கனக்குதே?”

“ஈரம். பிள்ளையளுக்குக் காட்டலாம், என்னட்டைக் கிடக்கட்டும்.”

கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வேறு கதைகள் கதைத்துக்கொண்டு திரும்பினோம்.

சில மாதங்களின் பின், கற்களை ஆராயும் துரை ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். பள்ளி மண்டபம் நிறையக் கூட்டம். என்னை நீதான் முன்வரிசையில் இருத்தினாய். மேடையில் ஒரு பட்டுத் துணியை விரித்தாய். அதில் மூலை உடைந்த அந்தப் பல். மாதகலில் நீ கண்டெடுத்ததாக ஆங்கிலத்தில் சொன்னாய். மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த சுறா என்றும், இவ்வளவு பெரிய பல்லை இந்தக் கரையில் தான் கண்டதில்லை என்றும் துரை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகளும் தட்டின. அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

மண்டபத்தின் பின்னால் உன்னைப் பிடித்தேன்.

“அண்டைக்கே உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“பிறகேன் பொய் சொன்னனீ? கேட்டிருந்தால் தந்திருப்பனே.”

“நீ தந்தாலும் அது நீ கண்டெடுத்ததுதானே. தையிலை நீ கலியாணம் கட்டிப் போயிடுவாய். எனக்கு இதை விட்டால் வேறை என்னடி கிடக்கு?”

நீ அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. துரை சொல்லிக் கொழும்பில் உனக்கு வேலை கிடைத்தது. என் கலியாணத்துக்கு நீ வரவில்லை.

அதன்பின் நான் தனியே மாதகலுக்குப் போய்ப் பார்த்தேன். பழையதென்று நன்றாகத் தெரிந்த பற்களைக்கூட, நம்ப முடியாமல் எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக இருந்தேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன்.

உன் ஆன்மாவுக்காகக் கோயிலில் பூசை சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை.

என் கணவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அண்மையில் நான் காய்ச்சலாகக் கிடந்தபோது அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “விட்டிட்டுதப்பா, இனிப் பயமில்லை” என்றார். அவர் கையை எடுத்ததும் நெற்றியில் என் கையை வைத்துப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார். எழுந்து வெளியே போனார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நம்பாமல் தொட்டுப் பார்க்கும் அந்தக் கைதான்.